தலைகீழாகத் தொங்கிய மைக்

கணவர் உடனே சரி என்று சொன்னதில்தான் அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது.

வீட்டிலேயே டிரம்ஸ் வாசித்துப் பதிவு செய்ய ஒரு மைக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு பெட்டியும் வாங்க வேண்டும் என்று சொன்னபோது அவள் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். 'இப்ப எதுக்கு அதெல்லாம்' என்பார், அதற்கு ஒரு பதில். 'அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க' என்பார், அதற்கு இன்னொன்று. அவரோ செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "வாங்கிடலாமே. நாளைக்கே போவோம்" என்றார். ஓங்கி உதைத்த காலுக்குப் பந்து அகப்படாத மாதிரி அவள் தடுமாறிப் போனாள்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"உனக்கு வேணும்னா வேணும். இதுல பொய் என்ன."

அவள் பல வருஷம் ஒரு ஹோட்டல் அரங்கின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவள். அங்கே அவளை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிட வருகிறவர்கள் பேசிக்கொள்ள முடியவில்லை என்று ஹோட்டல்காரர்கள் குழுவையே நிறுத்திவிட்டார்கள். பாடகி கல்யாணமாகிப் போய்விட்டாள், கிதார்காரர் காப்பீடு விற்கிறார். கீபோர்டு மாஸ்டர் மட்டும் தன் வீட்டில் உட்கார்ந்து விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் இசையமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். போன வாரம் அவர்தான் கூப்பிட்டார்.

"இடி, வேலை இருக்கு. ஆனா ஸ்டூடியோ வாடகை என்னால முடியாது. நீ வீட்ல வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு சாம்பிள் கேக்கணும். நல்லா இருந்தா நீதான். இல்லன்னா கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு டிரம்மர் இருக்கான். சோறு கேக்க மாட்டான், சம்பளம் கேக்க மாட்டான், முக்கியமா உன்னை மாதிரி என்னைத் திட்ட மாட்டான்."

அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. ஏற்கெனவே தெரிந்தவர்கள் அவளை 'டிரம்ஸ் வாசிச்சுக்கிட்டு இருந்தாங்களே, அவங்க' என்று அறிமுகம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இதுவும் போனால் அந்த 'இருந்தாங்களே' நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். யாரிடமும் 'இது உங்களுக்கு நல்லா இல்ல' என்று அவர் சொன்னதே கிடையாது. வாடிக்கையாளர் ஒரு ஃப்ரேமில் பிடிவாதமாக இருந்தால், அதையே எடுத்து அன்போடு மாட்டிவிடுவார். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்துப் பிடிப்பார். கன்னம் தொங்கும், கழுத்து தடிக்கும். வந்தவரே கழற்றி வைத்துவிட்டு, "வேற காட்டுங்க" என்பார். "நான் ஒரு வார்த்தை சொல்லல பாத்துக்கோ, அவராவே வேணாம்னுட்டார்" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பார். கல்யாணமான புதிதில் அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

மறுநாள் இசைக்கருவிக் கடையில் விற்பனையாளர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

"டிரம்ஸ்னா ஒரு மைக் போதாது மேடம். ஒவ்வொரு டிரம்முக்கும் ஒண்ணு வேணும். இதுல ஏழு மைக், கிளிப், வயர் எல்லாம் சேத்து ஒரே விலை. கூடவே எட்டு மைக் மாட்டுற இன்டர்ஃபேஸ் பெட்டி எடுத்துக்கிட்டீங்கன்னா சினிமா மாதிரி வரும்."

அவள் ஒரு மைக்கை எடுத்துக் கையில் எடை பார்த்தாள். பிளாஸ்டிக் கரண்டி மாதிரி இருந்தது.

"இந்த ஏழுல எது நல்லது?"

"எல்லாமே நல்லது மேடம். எல்லாம் ஒரே தரம்."

ஒரே தரம்தான், மட்டமான ஒரே தரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சின்ன அறைக்குள் ஏழு சுமாரான காதுகளை வைத்தால் ஏழும் ஏழு விதமாகச் சண்டை போடும். அதற்குப் பதில், தலைக்கு மேலே நின்று மொத்தத்தையும் கேட்கிற ஒரு நல்ல காது போதும். காலால் மிதித்து அடிக்கிற பாஸ் டிரம்முக்கு மட்டும் தனியாக ஒன்று வேண்டும். அதற்கு ஹோட்டல் குழு கலைந்தபோது யாரும் எடுத்துப் போகாத பழைய மேடை மைக் ஒன்று அவளிடம் இருந்தது. ஆக, இரண்டு மைக் மாட்டுகிற சின்னப் பெட்டியை இங்கே வாங்கிக்கொள்ளலாம். மேலே தொங்கவிடும் நல்ல மைக்கை, புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது, யாரிடமாவது பழையதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சின்னப் பெட்டி மட்டும் போதும் என்று அவள் சொன்னதும் விற்பனையாளரின் முகம் சுருங்கிவிட்டது. கணவரோ, "அவ சொன்னா சரியா இருக்கும்" என்று தலையாட்டினார். பிறகு, "நல்லா வரலன்னா திருப்பி எடுத்துக்குவீங்கள்ல?" என்று கேட்டார். பில் போடும்போது அதையே இன்னொரு தரம் கேட்டார். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர், திரும்பிப் போய் மறுபடியும் கேட்டுவிட்டு வந்தார்.

"எதுக்கு இத்தனை தடவை கேக்கறீங்க?"

"ஒரு ஜாக்கிரதைதான். அட்டைப்பெட்டியக் கிழிச்சிடாத, பத்திரமா பிரி."

பேருந்தில் அந்தப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லது செய்கிறவரைச் சந்தேகப்படுவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சத்தம் தலைவலி தருகிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், கேட்டதை வாங்கித் தருகிறார். சந்தோஷப்பட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே. ஆனால் அவர் நல்லவராக நடந்துகொள்ளும்போதெல்லாம் அவளுக்குக் கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விடும். தரை உறுதியாகத்தான் இருக்கும், இருந்தாலும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மிதிக்கத் தோன்றும். கணவர் மேல் வைக்க முடியாத சந்தேகத்தை வேறு யார் மேலாவது இறக்கி வைத்துவிடுவது அவள் பழக்கம். இந்த முறை அது மைக் விற்ற பெண்ணின் தலையில் விழுந்தது.

அந்தப் பெண் குழந்தைகளுக்குக் கதை சொல்லி இணையத்தில் போடுகிறவள். தன் பழைய மைக்கை விற்பதாக அவள் போட்டிருந்த விளம்பரத்தில் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "வேணாம்க்கா, நானே பஸ் ஸ்டாப்புக்கு எடுத்துட்டு வரேன்" என்றாள். வந்தவள் துணிப்பையிலிருந்து மைக்கை எடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

மைக் தடித்த டார்ச் விளக்கு மாதிரி கனமாக இருந்தது. தலைப்பக்கம் கம்பி வலை. அடிப்பக்கத்தில் ஒரு கீறல். எண் ஏதாவது இருந்து சுரண்டிவிட்டார்களோ என்று அவள் அதையே உற்றுப் பார்த்தாள். திருட்டுப் பொருளாக இருந்தால்? யாராவது தேடி வந்தால்? கதைக்காரி என்னென்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை கதைக்காரியின் கண்களிலும், அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்த தெருமுனையிலுமே இருந்தது.

"புரிஞ்சுதாக்கா?"

"புரிஞ்சுது" என்றாள் அவள். ஒரு சொல்லும் காதில் விழுந்திருக்கவில்லை.

"ஏன் விக்கறீங்க?"

கதைக்காரி ஒரு கணம் தயங்கி, "இனிமே எனக்கு இது வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டு, வந்த பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். அது அவள் வந்த திசைக்குப் போகிற பேருந்தும் இல்லை.

வீட்டில் சமையலறையை ஒட்டி ஒரு சாமான் அறை. அதில்தான் டிரம்ஸ் இருந்தது. கணவர் கடையிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, வயர்களையும் அவரே மாட்டிக் கொடுத்தார். அவள் பழைய மேடை மைக்கை பாஸ் டிரம்முக்கு முன்னால் வைத்தாள். கதைக்காரியிடம் வாங்கிய மைக்கை நீளக் கை உள்ள ஸ்டாண்டில் மாட்டி, வலைத்தலை கீழே டிரம்ஸைப் பார்க்கும்படி தலைகீழாகத் தொங்கவிட்டாள். மேடையில் இத்தனை வருஷம் பார்த்த மைக் எல்லாம் அப்படித்தான். தலை எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கேதான் கேட்கும்.

கீபோர்டு மாஸ்டர் ஒன்று சொல்லியிருந்தார்: "வாசிக்கறதுக்கு முன்னாடி வெறும் ரூமைக் கொஞ்ச நேரம் ரெக்கார்ட் பண்ணு. யாரும் உள்ள இருக்கக் கூடாது. உன் ரூம்ல என்னென்ன முனகுதுன்னு அப்பதான் தெரியும்." அதன்படி பதிவை ஓடவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, எதிரொலியை அடக்கச் சுவரில் சாய்த்து வைக்க மாடிவீட்டு அக்காவிடம் பழைய மெத்தை கேட்கப் போனாள். மாடிவீட்டு அக்காவிடம் மெத்தை வாங்குவது என்றால் அவருடைய மூட்டுவலியையும் முழுசாக வாங்கிக்கொண்டுதான் வர முடியும். ஒருவழியாக மெத்தையை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தபோது, நாத்தனார் சமையலறையில் கணவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கணவரின் தங்கை. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் அண்ணி. அண்ணன் ஏதோ ஸ்டூடியோ வைக்கறீங்கன்னு சொன்னான்."

"ஸ்டூடியோவா? சாமான் ரூம்ல ஒரு மைக்."

"நல்லா வரட்டும் அண்ணி" என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள்.

அன்று மாலையும் மறுநாள் காலையும் அவள் வாசித்து வாசித்துப் பதிவு செய்தாள். கேட்டுப் பார்த்தால் கண்ணீர் வராத குறை. டிரம்ஸை யாரோ பக்கத்து வீட்டில், கம்பளிக்கு அடியில் வைத்து வாசிக்கிற மாதிரி இருந்தது. பித்தளைத் தட்டுகள் ஈரக் காகிதம் போல் சளசளத்தன. மெத்தையை இடம் மாற்றினாள், ஸ்டாண்டை ஏற்றினாள், இறக்கினாள். டிரம்ஸின் தோலைக்கூட முறுக்கிப் பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை. பஸ் ஸ்டாப்பில் பார்த்த முகம் கண்முன் வந்து வந்து போனது. நினைத்தேன், அப்போதே நினைத்தேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"கெட்டுப்போன மைக்கக் குடுத்துட்டீங்க."

"இல்லக்கா, அன்னிக்குக் காலைல வரைக்கும் அதுலதான் கதை படிச்சேன்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் இப்படிக் கேக்குது?"

"தெரியலக்கா. வேணும்னா திருப்பிக் குடுத்துடுங்க, பணத்தைக் குடுத்துடறேன்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே, அப்படியானால் தப்பு அவள் மேல்தான் என்று அவள் முடிவுகட்டினாள்.

அறை வாசலில் கணவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "விடும்மா. நீயும் எவ்வளவோ பாத்துட்ட" என்றார் மெல்லிய குரலில். "திருப்பிக் குடுத்துடலாம். கடைப்பெட்டியையும் நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன், அட்டையெல்லாம் அப்படியேதான் இருக்கு. எல்லாருக்கும் எல்லாம் அமையாது. உம்மேல தப்பில்ல."

அவர் கை அவள் தோளில் இதமாக இருந்தது. அந்தக் கைமேல் தலையைச் சாய்த்து, ஆமாம் போதும் என்று சொல்லிவிடலாம் போல அவளுக்கு இருந்தது. சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்கிற எரிச்சல் அவளை விடவில்லை. அவர் கடைக்குப் போனதும், கதைக்காரியின் முகத்தில் விட்டெறிய ஆதாரம் தேடினாள். வெறும் அறையின் பதிவு ஒன்று கேட்கப்படாமலே கிடந்தது. மைக் பழுதாக இருந்தால் அதில் இரைச்சல் இருக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை ஓடவிட்டாள்.

இரைச்சல் இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் முனகல், தூரத்தில் ஒரு வண்டி, அவ்வளவுதான். அப்புறம் செருப்புச் சத்தம். நாத்தனாரின் குரல் காதோடு காதாக வந்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"இவ்வளவு சின்னதா தெரியுது. ரெண்டு மெஷின் போட முடியுமா அண்ணா?"

"போடலாம். இந்த டிரம்மெல்லாம் எடுத்துட்டா இடம் பெருசாத் தெரியும்."

"அண்ணி எப்ப எடுப்பாங்க?"

"அவசரப்படாத. அவளாவே எடுத்துடுவா. ரெண்டு மூணு தடவை வாசிச்சுப் பாப்பா. இந்தப் பொந்துக்குள்ள என்ன வரும்? அந்த மாஸ்டர் வேணாம்னுடுவார். அதோட சரி."

"அப்புறம் எதுக்கு இதையெல்லாம் வாங்கிக் குடுத்த?"

"வாங்கிக் குடுக்கலன்னா நான்தான் தடுத்தேன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. இப்ப யார் மேலயும் குறையில்ல பாரு."

துணி அளக்கிற டேப்பை யாரோ இழுத்துச் சுருட்டும் சத்தம்.

"பாவம் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"பாவம்தான். நல்லா வாசிப்பா. அதை நான் எப்பவும் இல்லன்னு சொன்னதில்ல."

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். அந்த நிமிஷத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. அதை நினைத்து அவள் பிறகு நெடுநாள் வெட்கப்பட்டாள். முதலில் வந்தது சந்தோஷம்: மைக் நன்றாக இருக்கிறது. பேசினவர்களின் மூச்சுகூடக் கேட்கிறது, டேப் சுருளும் சத்தம் ஊசி மாதிரி இறங்குகிறது. வாசலில் நின்று பேசியது இத்தனை தெளிவாக விழுகிறது, அதன் கீழேயே இருந்து அடித்த அடி விழவில்லை. அப்படியானால் இந்த மைக்கின் காது தலையில் இல்லை. பக்கவாட்டில் இருக்கிறது. அது வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எழுந்து போய் மைக்கைத் தொட்டுப் பார்த்தாள். கம்பி வலையின் ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு முத்திரை பதித்திருந்தது. அது நேராக வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

அப்புறம்தான் கோபம் வந்தது, அதுவும் நேராக வரவில்லை. டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் சந்தேகப்பட்டது அத்தனையும் சரி. சரியாக இருந்ததில் ஒரு ருசியும் இல்லை. திட்டியிருந்தால், பெட்டியைத் தூக்கி வீசியிருந்தால், எதிர்த்து நின்றிருக்கலாம். அவர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாவற்றையும்விட அந்தப் 'பாவம் அண்ணி'தான் உள்ளே போய்க் குத்திக்கொண்டு நின்றது. அவளுக்குத் தெரியாமலே அவளை ஏற்கெனவே தோற்கடித்து, அதற்கு அனுதாபமும் பட்டு முடித்துவிட்டார்கள்.

கதைக்காரியைக் கூப்பிட்டாள்.

"மன்னிச்சுக்கோம்மா. தப்பு எம்மேல. நீ அன்னிக்கு என்ன சொன்ன, இன்னொரு தடவை சொல்லு."

"அதான்க்கா சொன்னேன், இதோட மூஞ்சி பக்கவாட்டுல இருக்கும், முத்திரை இருக்கற பக்கம் சத்தத்தைப் பாத்து வைக்கணும், தலைய நீட்டக் கூடாதுன்னு."

"நான் கேக்கவே இல்ல. நீ திருட்டுப் பொருள விக்கறன்னு நெனச்சுக்கிட்டு நின்னேன்."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "நான் திருடிதான்க்கா. இதைவிட விலை அதிகமா புதுசு ஒண்ணு வாங்கிட்டேன், வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெருவுல யாராவது பாத்துச் சொல்லிடுவாங்களோன்னு பயத்துல பஸ்ஸே மாறி ஏறிட்டேன்."

அவள் மைக்கைப் படுக்கைவசமாகத் திருப்பி, முத்திரை கீழே டிரம்ஸைப் பார்க்கும்படி முடுக்கினாள். கதவைச் சாத்தினாள். ஒருமுறை அடித்துக் கேட்டாள். ஒவ்வொரு டிரம்மும் அது அது இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தது. தட்டு அடித்த பிறகு காற்றில் மெலிந்து மெலிந்து போகிற கடைசி இழைவரை கேட்டது. மாஸ்டருக்கான சாம்பிளை வாசித்தாள். கோபத்தில் கை முந்தப் பார்த்தது, பிடித்து நிறுத்தினாள். நடுவில் குச்சி ஒரு விளிம்பில் தட்டிவிட்டது. அதை அப்படியே விட்டாள். மறுபடி வாசித்தால் இதைவிடச் சுத்தமாக வரும், இந்த உயிர் வராது என்று தெரிந்தது. அனுப்பிவிட்டாள்.

கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். அவள் ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, சாம்பிளை ஓடவிட்டாள். அவர் விரல்கள் தாமாகவே மேஜையில் தாளம் போட்டன. பாதியில் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த ஆச்சரியம் நிஜம். அதுவும் அவளுக்கு வலித்தது.

"நல்லா இருக்கே. வேற மைக்கா?"

"அதே மைக்தான். நான்தான் தப்பா மாட்டியிருந்தேன். டிரம்ஸைப் பாக்காம வாசலைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு."

"அப்படியா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு தேய்ந்தது. வாசலைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். "எப்பல இருந்து?"

"மாட்டினதுல இருந்து. நான் மெத்தை வாங்க மாடிக்குப் போனப்பவும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. உங்க குரல் மைக்குக்குன்னே பொறந்த குரல்ங்க. அவ்வளவு தெளிவு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் துடைத்தார்.

"நான் உன்னைத் தடுக்கலையே."

"இல்ல. தடுக்கல."

"கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்தேன்."

"குடுத்தீங்க. அட்டைப்பெட்டியோட சேத்து."

"அவ கஷ்டம் உனக்குத் தெரியாதா? வெளியில இடம் எடுத்துத் தைக்கற நெலமையில அவ இல்ல. நான் அண்ணன்."

"தெரியும். என்கிட்ட வந்து கேட்டிருந்தீங்கன்னா நான் என்ன சொல்லியிருப்பேன்?"

"என்ன சொல்லியிருப்ப?"

அவள் யோசித்தாள். கொடுத்திருப்பேன் என்று சொன்னால் அது பொய்யாக இருக்கலாம், கொடுத்திருக்க மாட்டேன் என்பதும் பொய்யாக இருக்கலாம்.

"எனக்கே தெரியல. கேட்டிருந்தாதானே தெரிஞ்சிருக்கும்."

போன் அடித்தது. கீபோர்டு மாஸ்டர். அவள் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"இடி, உண்மையச் சொல்லு. எந்த ஸ்டூடியோவுக்குப் போன?"

"வீட்லதான் மாஸ்டர். சாமான் ரூம்."

"யார்கிட்ட கதை விடற? சாமான் ரூம்ல இது வருமா? எத்தனை மைக்?"

"ரெண்டு மைக். நேர்ல வந்து பாருங்க."

"வரத்தான் போறேன், சந்தேகமாத்தான் இருக்கு. சரி, பாஸ் டிரம் கொஞ்சம் கொழகொழன்னு இருக்கு, உள்ள ஒரு போர்வைய வை. மத்தபடி எடுத்துக்கறேன். புதன்கிழமை ஒரு பாட்டு அனுப்பறேன், அப்புறம் வாரா வாரம் ஏதாவது வந்துக்கிட்டே இருக்கும். ஆனா ஒண்ணு, பாதியில வந்து இடமில்ல, கெஸ்ட் வந்துட்டாங்கன்னு சொல்லக் கூடாது. அந்த ரூம் இருக்கும்ல?"

அவள் போனை எடுத்துக் கணவர் பக்கம் நீட்டினாள்.

"மாஸ்டர் கேக்கறார். ரூம் இருக்குமான்னு."

அவர் அவளைப் பார்த்தார். இப்படி நேராகக் கேட்கப்பட்டு, நேராகப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இதுவரை வந்ததாக அவளுக்கு நினைவில்லை.

"ஹலோ, லைன்ல இருக்கியா இடி?"

"இருக்கும்" என்றார் கணவர்.

"அவருக்குக் கேக்கல."

"இருக்கும் மாஸ்டர். ரூம் இருக்கும்."

"அப்ப சரி" என்று மாஸ்டர் வைத்துவிட்டார்.

கணவர் எழுந்து சமையலறைக்குப் போனார். அவர் போனில் எண்ணை அழுத்தும் சத்தம் கேட்டது. "நான்தான்" என்றார். அதற்குப் பிறகு குரல் தாழ்ந்துவிட்டது.

கதவு ஒருக்களித்துக் கிடந்தது. அவள் கண் கம்ப்யூட்டரின் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. மைக்கைக் கொஞ்சம் திருப்பினால் போதும். தங்கையிடம் என்ன சொல்கிறார், முடியாது என்கிறாரா, கொஞ்ச நாள் பொறு என்கிறாரா, எல்லாம் மூச்சு முதற்கொண்டு கிடைத்துவிடும். கை ஸ்டாண்டின் திருகாணிவரை போய்விட்டது. இன்று திருப்பினால் நாளைக்கும் திருப்ப வேண்டியிருக்கும். அப்புறம் இந்த அறையில் அதுதான் வேலையாக இருக்கும்.

கதவைச் சாத்தவும் மனம் வரவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய போர்வையை எடுத்து, தரையில் மண்டியிட்டு, பாஸ் டிரம்மின் முன்தோலைக் கழற்றினாள். போர்வையை மடித்து, உள்ளே கடைசிவரை தள்ள வேண்டியிருந்தது. கையை நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. தலையையும் தோளையும் உள்ளே நுழைத்தாள். மரமும் தூசியும் மணத்தன. சமையலறைக் குரல் அங்கே வெறும் ரீங்காரமாக வந்து சேர்ந்தது. சொல் எதுவும் பிரிந்து கேட்கவில்லை. போர்வை அடி விழுகிற பின்தோலைத் தொடும்படி அழுத்தி வைத்துவிட்டு, விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். போதவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.